தோலக்கா

என் தொழில் பல் செட் செய்வது. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் பிளாஸ்டர் மாவு ஊற்றி அச்செடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, வேகவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவேன். ஊரில் பாதிக் கிழங்கள் சிரிப்பது என் கைவேலையைத்தான். அதற்கு யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை, டாக்டருக்குத்தான் சொல்வார்கள். என்னை நாலு பேர் தேடி வந்து மதித்தது இந்தச் சிலந்தி விஷயத்தில் மட்டும்தான். அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

சிலந்தி பிடித்து ஆட்டியது என்னையல்ல, என் தம்பியை. அவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுப் பொந்துக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனுக்கு அந்த மாதிரிப் பிராணி பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சிலந்தி என்றதும் மூலையில் நூலாம்படை கட்டுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது டரான்டுலா, அதிலும் ராட்சத ஜாதி. காலை விரித்து நின்றால் ஒரு சாப்பாட்டுத் தட்டு மறைந்துவிடும். முன்னே பல சிலந்திகள் வளர்த்தவன் கடைசியாக இதை வாங்கி வந்தபோது துவரம்பருப்பு அளவுதான் இருந்தது. "இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்று சிரித்தேன். நாலே வருஷத்தில் கண்ணாடிப் பெட்டியை மாற்ற வேண்டி வந்தது.

இந்தப் பிராணிகளை வளர்க்கிறவர்களை அரிக்கிற கேள்வி ஒன்றே ஒன்று: ஆணா, பெண்ணா? பெண் என்றால் இருபது வருஷம்கூட இருக்கும். ஆண் வயதுக்கு வந்த ஒரு வருஷத்தில் போய்விடும். ஆனால் வயதுக்கு வரும்வரை வெளியிலிருந்து பார்த்தால் சுலபத்தில் தெரியாது. அது உரித்துப் போடும் தோலில்தான் சேதி இருக்கிறது. தோலைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நைந்துபோகாமல் விரித்து, வயிற்றின் உட்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு அங்கே ஒரு சின்ன மடல் இருக்கும், ஆணின் விந்தைச் சேமித்துவைக்கிற பை. ஆணுக்கு ஒன்றும் இருக்காது. என் பட்டறையில் நல்ல விளக்கு, பூதக்கண்ணாடி, ஊசிமுனைக் கருவிகள் எல்லாம் இருந்தன. தம்பியின் சிநேகிதர்கள் ஒவ்வொருவராகத் தீப்பெட்டியிலும் டப்பாவிலும் தோலைப் பொத்திக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நாலைந்து ஜோடிச் செருப்பு கிடக்கும். எனக்குத் "தோலக்கா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் நான் பார்த்துச் சொன்ன ஒன்றுகூடத் தப்பியதில்லை. "தோலக்கா சொன்னா சொன்னதுதான்" என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். புருஷன் விட்டுப் போனவளுக்கு வேறு யார் பட்டம் கொடுக்கப்போகிறார்கள்?

தம்பிக்கு நாற்பத்தொரு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் சிலந்தியைப் பற்றிப் பேசிவிட்டு வருவான். ஒருநாள் அந்தச் சிலந்தியே அவனுக்குப் பெண் பார்த்தது. கோபம் வந்தால் அது பின்னங்காலால் வயிற்றை உதறும், கண்ணுக்குத் தெரியாத முடி பறக்கும். இவன் மூக்கைப் பெட்டிக்குள் நீட்டிக்கொண்டு பார்த்திருக்கிறான், முடி கண்ணில் ஏறிவிட்டது. கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொரு முடியாக எடுக்க, அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸோடு பழக்கமாகிவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன். யார் காலில் விழுந்தாவது இந்தக் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு.

நர்ஸ் ஒருநாள் பட்டறைக்கே வந்தாள். மாவு படிந்த முக்காலியைத் துடைக்காமல் உட்கார்ந்தாள். அதிகம் சிரிக்காத முகம், ஆனால் நல்ல முகம்.

"அக்கா, எனக்கு உங்க தம்பியப் பிடிச்சிருக்கு. அந்தப் பூச்சியப் பிடிக்கல. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது."

"அது பூச்சி இல்லம்மா."

"எதுவோ. அவர் கருவிழில குத்தி நின்ன முடிய நான் என் கண்ணால பார்த்தேன். நாளைக்கு ஒரு குழந்தை பொறந்தா, அது கண்ணுல போகாதுன்னு யார் சொல்றது?"

"எங்கிட்ட விட்டுடச் சொல்றேன். இங்கயே கிடக்கட்டும்."

"அதையும் யோசிச்சேன். தினம் வந்து தொட்டுட்டு, அந்தச் சட்டையோடதான வீட்டுக்கு வருவாரு? வேற யாருக்காவது குடுங்கன்னா முடியாதுங்கறாரு."

அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு சிலந்தியை ஒரு ஆளை நம்பிக் கொடுத்தான். அந்தப் புண்ணியவான் பெட்டியை ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு வெளியூர் போய்விட்டான். வெந்து கிடந்ததை இவன்தான் போய் எடுத்துவந்தான். அன்றிலிருந்து, கொடு என்று சொன்னால் எழுந்து போய்விடுவான்.

நர்ஸ் தொடர்ந்தாள். "ஆம்பளையா இருந்தா சீக்கிரம் போயிடுமாமே? ஒண்ணு, ஒண்ணரை வருஷம்னா பல்லக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கறேன். இருபது வருஷம்னா என்னால ஆகாது, இப்பவே சொல்லிடறேன். நீங்க பார்த்துச் சொன்னா தெரிஞ்சிடுமாம். பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொல்றத நான் நம்பறேன்."

அதற்குமுன் அந்தச் சிலந்தியின் தோல் ஒன்றுகூட முழுசாகக் கிடைத்ததில்லை. உரித்ததும் மென்று உருட்டிப் போட்டுவிடும். நர்ஸ் வந்துபோன மூன்றாம் வாரம் தம்பி விடிய விடிய விழித்திருந்து, உரித்த கையோடு எடுத்துவிட்டான். டிபன் டப்பாவில் ஈரத்துணி விரித்து, அதன் மேல் தோலை வைத்து, நர்ஸையும் கூட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்குச் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டிருந்தான். பரீட்சை முடிவு பார்க்க வந்தவர்கள் மாதிரி இருவரும் சுவரை ஒட்டி நின்றார்கள்.

ஊறவைத்தேன், விரித்தேன், விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டாவது தடவை பார்க்கத் தேவையே இல்லை. மடல் பளிச்சென்று இருந்தது. பெண்.

பன்னிரண்டு வருஷமாக நான் தோலை மட்டுமே பார்த்துச் சொல்லிவந்தேன், கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நர்ஸ் அவன் கையைத் தட்டி விட்டாள். தட்டியவள் அந்தக் கையை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"ஆண்" என்றேன்.

தம்பி சிரித்தான். அடுத்த நொடியே முகம் கோணி அழுதான். "அப்ப அவ்ளோதானாக்கா?"

"அடுத்த தடவ உரிக்கறப்ப வயசுக்கு வந்துடும். முகத்துக்கிட்ட இருக்கற ரெண்டு சின்னக் கை நுனியில மொட்டு மாதிரி தடிச்சு வரும். அதுக்கப்புறம் ஒரு வருஷம் வச்சுக்கோ."

சரளமாகச் சொன்னேன். மொட்டு வராது என்று தெரிந்தே சொன்னேன். கல்யாணம் முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாலி ஏறிய பிறகு ஒரு சிலந்திக்காக யார் பிரிந்து போகப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். தோலை அவர்கள் கண் முன்னாலேயே கசக்கிக் குப்பையில் போட்டேன்.

அடுத்த மாதமே கல்யாணம் முடிந்தது. சிலந்தி என் பட்டறைக்குக் குடிவந்தது. மெழுகு அலமாரிக்குப் பக்கத்தில், வெயில் படாத மூலையில் பெட்டியை வைத்தோம்.

தள்ளி நின்று வியப்பது வேறு, கூடவே இருப்பது வேறு. அது நடக்கும்போது காய்ந்த சருகில் கால் படுகிற சத்தம் கேட்கும். ஒரு சிலந்தி நடந்து சத்தம் கேட்பதை நான் கற்பனைகூடச் செய்ததில்லை. எட்டுக் காலையும் ஒவ்வொன்றாக யோசித்துத்தான் வைக்கும். கருங்காப்பி நிறம், சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் செம்பு ஓடும். தண்ணீர்த் தட்டில் முகத்தைக் கவிழ்த்து நெடுநேரம் குடிக்கும். அது நிமிரும்போது இரண்டு பல்லும் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு அங்குலம், கறுத்து வளைந்து மின்னும். முப்பது வருஷம் பல் தேய்த்திருக்கிறேன், அந்த மினுமினுப்பு என் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை. வேலை ஓடாத நேரத்தில் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். அது என்னைக் கண்டுகொள்ளாது. கண்டுகொள்ளாததும் பிடித்திருந்தது. எனக்கு அதன்மேல் அன்பு வந்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, வந்துவிட்டது.

தம்பி தினமும் வேலை முடிந்து நேராக இங்கே வருவான். "டேய் தங்கம், என்னடா பண்றே? சாப்பிட்டியாடா?" என்று கண்ணாடியைத் தட்டாமல் விரலால் தடவுவான். ஒவ்வொரு "டா"வும் என் முதுகில் விழும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். "அவ நாளக் கணக்குப் போட்டுக்கிட்டிருக்காக்கா" என்பான். வாயை மூடிக்கொள்வேன். பிறகு அவள் முழுகாமல் இருக்கும் செய்தி வந்தது. "குழந்தை வர்றதுக்கும் இது போறதுக்கும் சரியா இருக்கும்ல அக்கா?" என்று நர்ஸ் போனில் கேட்டாள். "இருக்கும்" என்றேன்.

இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் தம்பிக்காகவே எல்லாம் செய்தேன் என்று ஆகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்தொட்டிக் கடைக்காரர் தோல் காட்ட வந்தார். பழைய ஆள், விஷயம் தெரிந்தவர். பெட்டிக்குள் குனிந்து பார்த்தவர், "இது ஆணா? ஆணுக்கு வயிறு இப்படிப் பருக்காதே அக்கா. ஒருவேளை..." என்று இழுத்தார். வந்திருந்த மற்ற மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பார்த்தது என் கண்ணா, உங்க கண்ணா?" என்றேன்.

"ஐயோ, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஏதோ வாய் தவறிட்டேன்" என்று மனிதர் குழைந்தார். மற்ற மூவரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் பயந்தது தம்பி குடும்பம் என்ன ஆகும் என்பதற்காக மட்டும் இல்லை. தோலக்காவுக்குத் தப்பிவிட்டது என்று ஊர் பேசும், அதற்கும் பயந்தேன். எது பெரிய பயம் என்று கேட்டால் எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கல்யாணமாகிப் பத்தாவது மாதம் சிலந்தி இரையைத் தொடுவதை நிறுத்தியது. வயிற்றின் மேல் முடி உதிர்ந்த வழுக்கை, அடிபட்ட இடம் மாதிரி கன்றிக் கறுத்தது. தோல் உரிக்கப்போகிறது என்று அர்த்தம். தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. "வயசுக்கு வரப்போறான்க்கா! மொட்டு வர்றத நான் பார்க்கணும். உரிக்க மல்லாந்து படுத்த உடனே போன் போடு. எந்த லிஃப்டு எங்க நின்னாலும் அப்படியே விட்டுட்டு வந்துடறேன்."

மொட்டு வராது. வராவிட்டால், இது பெண், இன்னும் இருபது வருஷம், அக்கா சொன்னது பொய். எல்லாம் ஒரே பகலில் வெளியே வந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அது மல்லாந்து படுத்தது. தெரியாதவர்கள் பார்த்தால் செத்துவிட்டது என்று நினைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் முதுகு ஓடு மூடி திறப்பது போலக் கழன்றது. வயிற்றுத் தோல் பிளந்து சுருங்கி இறங்கியது. உள்ளேயிருந்து வெளுத்த புது உடம்பு, கையுறையிலிருந்து விரலை உருவுவது போலக் கால்களை மெல்ல மெல்ல உருவிக்கொண்டு வந்தது. புதுப் பல் இரண்டும் பால் வெள்ளையாக இருந்தன. அந்த நேரத்தில் அந்தப் பல்லால் பஞ்சைக்கூடக் கடிக்க முடியாது. உடம்பு முழுக்க வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும். நான் முகத்தருகே இருந்த சின்னக் கைகளைப் பார்த்தேன். நுனி மெலிந்தே இருந்தது. மொட்டு இல்லை.

போனை எடுத்தேன். தம்பி பெயர் வரை போனேன். கீழே வைத்தேன்.

இரைக்காக வளர்க்கிற சுவர்க்கோழிப் பூச்சிகள் மூடி போட்ட டப்பாவில் கத்திக்கொண்டிருந்தன. இந்தப் பிராணி வளர்க்கிறவன் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் ஒன்று உண்டு: இரையை நிறுத்திவிட்டால் உயிருள்ள எதையும் பெட்டிக்குள் விட்டுவைக்காதே. தோல் உரிக்கும்போது சுவர்க்கோழி சிலந்தியையே தின்றுவிடும். நானே எத்தனையோ பேருக்கு அதட்டிச் சொல்லியிருக்கிறேன்.

ஆறு சுவர்க்கோழிகளை உள்ளே போட்டு மூடினேன்.

பிறகு வேலை மேஜைக்குப் போய் மோட்டாரைப் போட்டு, ஒரு கிழவியின் மேல்வரிசைப் பல்லைத் தேய்க்க ஆரம்பித்தேன். மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்காது. தேய்த்த பல்லையே திரும்பத் திரும்பத் தேய்த்து ஒன்றை மழுங்கடித்துவிட்டேன். ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று எழுத மாட்டேன். கால்கள் பாதி உருவிய நிலையில் நின்றுபோயிருந்தன, அது மட்டும் போதும். கைக்கு அகப்பட்ட சுவர்க்கோழிகளை எடுத்துக் கொன்றேன். அப்புறம் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்த அழுகை நடிப்பு இல்லை. அதனால்தான் தம்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை.

"பார்க்கறதுக்குள்ள மாட்டிக்கிச்சுடா. காலை உருவ முடியல. ஈரம் பத்தலையோ என்னவோ."

கிரீஸ் கையோடு அவன் பெட்டியின் முன்னால் மண்டியிட்டான். "போகட்டும்க்கா. நீ என்ன பண்ணுவே?" என்றான். அழுகிற எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பெட்டியை மண்ணோடு தூக்கும்போது நான் பதறினேன்.

"அந்தத் தோல எதுக்கு எடுத்துட்டுப் போறே? குடு, நான் தூக்கிப் போட்டுடறேன்."

"ஞாபகத்துக்கு இருக்கட்டும்க்கா."

மேலே பேசினால் சந்தேகம் வரும் என்று விட்டுவிட்டேன். அவனுக்கு எங்கே பார்க்கத் தெரியும் என்றும் ஒரு நினைப்பு. பன்னிரண்டு வருஷம் என் தோளுக்குப் பின்னால் நின்று நான் செய்வதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

பதினோரு நாள் கழித்து வந்தான். முக்காலியில் உட்காரவில்லை. வேலை மேஜையில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தான். அதன்மேல் தோலின் வயிற்றுப் பகுதி மட்டும் சுருக்கமில்லாமல் விரித்து ஒட்டியிருந்தது. நானே செய்திருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

"சோப்புத் தண்ணில ஊறவச்சேன். அவ ஆஸ்பத்திரில பெரிய லென்ஸ் இருக்கில்ல, அதுல வச்சு ரெண்டு பேரும் பார்த்தோம். மொதல்ல பார்த்தது அவதான்."

நான் விளக்கைப் போடவில்லை. போடாமலே தெரிந்தது.

"மண்ணைக் கொட்டறப்ப அடியில ஒரு சுவர்க்கோழி உயிரோட இருந்துச்சுக்கா. நீ எரைய நிறுத்தி மூணு வாரம் ஆச்சுன்னு சொன்னியே."

சுவர்க்கோழி டப்பாவை நான் என்றைக்கோ காலி செய்திருந்தேன். என்ன சொன்னால் பிழைக்கலாம் என்று யோசித்தேன். ஒரே வழிதான் இருந்தது. எந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்பதற்காக அந்த உயிரைக் கொன்றேனோ, அந்த வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும்.

"தப்பாப் பார்த்துட்டேன்டா" என்றேன். "வயசாச்சு. கண்ணு முன்ன மாதிரி இல்ல. எரையும் ஒண்ணு உள்ள கிடந்தது தெரியாமப் போச்சு. மன்னிச்சுடு."

தம்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எதிர்த்து ஏதாவது கத்தியிருப்பேன்.

"நீதான் தப்பே பண்ண மாட்டியேக்கா" என்றான்.

கண்ணாடித் தகட்டை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டான். வாசல்படியில் செருப்பை மாட்டும்போது, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டான். "அவளுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனான்.

அதன்பிறகு அவன் வரவில்லை. பெண் குழந்தை பிறந்திருப்பதாக மீன்தொட்டிக் கடைக்காரர்தான் சொன்னார். என்னைக் கூப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியாது, "அத்தைக்குக் கொண்டாட்டம்தான்" என்று கேலி செய்தார். ஊரில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தம்பி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாசலில் செருப்பு குறைந்திருக்கும். குறையவில்லை, கூடியது.

போன ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு கணவன் மனைவி வந்தார்கள். டிபன் டப்பாவில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் தோலை வைத்திருந்தார்கள். அப்படிக் கொண்டுவர யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எங்க கட்டடத்துக்கு லிஃப்ட் பார்க்க வர்றவர்தான் அனுப்பினாரு. உங்க தம்பியாமே? எங்க அக்காகிட்டப் போங்க, அவங்க கண்ணு தப்பாதுன்னு அடிச்சுச் சொன்னாரு" என்றாள் அந்தப் பெண்.

ஊறவைத்தேன், விரித்தேன், விளக்கை இழுத்து வைத்தேன். அவர்கள் சுவரை ஒட்டி நின்றார்கள். நான் தலையைத் தூக்கவில்லை.

"பொண்ணு" என்றேன்.

"நிச்சயமாவாக்கா?"

"நிச்சயம்."

அவர்கள் நம்பினார்கள்.